விழுந்த பிறகு பணம், விழாமல் இருக்க என்ன? - கட்டிடத் தொழிலாளர் பாதுகாப்பின் வரலாறு



எங்கள் வில்லாபுரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு வீடாவது கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட் இடம். அதில் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி. வாசலில் மணல் குவியல், பக்கத்தில் சவுக்குக் கட்டையில் கட்டிய சாரம். அதன் மேல் வெறுங்காலோடு, வெறுந்தலையோடு நிற்கும் கொத்தனார். கீழே கலவை போடும் நிமிந்தாள். தலையில் சும்மாடு வைத்து சட்டி சுமக்கும் சித்தாள். இதை நாம் தினமும் பார்ப்பதால் இதில் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

கேள்வி இதுதான். அந்தக் கொத்தனார் சாரத்தில் இருந்து தவறி விழுந்தால் அவர் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்க நம் மாநிலத்தில் ஒரு நல வாரியம் இருக்கிறது. ஆனால் அவர் விழாமல் இருக்க என்ன இருக்கிறது? இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எப்படி வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பெரியாறு அணையில் இருந்து தொடங்குவோம்

மதுரைக்காரர்களுக்குப் பென்னிகுயிக் பெயரைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. 1887ல் தொடங்கி 1895ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்கு வந்தது. மதுரை, மேலூர் பக்கத்து வயல்கள் அதனால் பசுமையாயின. ஆனால் அணையைக் கட்டிய ஆட்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அடர்ந்த காட்டுக்குள், சுண்ணாம்பையும் செங்கல் பொடியான சுர்க்கியையும் கலந்து அணை எழுப்பினார்கள். வெள்ளம் பல முறை வேலையை அடித்துக்கொண்டு போனது. வெள்ளத்தை விடப் பெரிய எதிரி காய்ச்சல். மலேரியா, காலரா போன்ற நோய்களால் மட்டும் 483 பேர் இறந்ததாக ஒரு கணக்கு சொல்கிறது. அணைக்குப் பக்கத்திலேயே அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897ல். அதாவது அணை திறந்து இரண்டு வருடம் கழித்து! காட்டின் கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பிய காலம் அது. எதனால் சாகிறோம் என்று அந்தத் தொழிலாளிக்கும் தெரியாது, அவரை வேலைக்கு வைத்த என்ஜினியருக்கும் தெரியாது.

காரணம் தெரிந்த பிறகு என்ன நடந்தது? பனாமா கால்வாயைத் தோண்ட முதலில் வந்த பிரெஞ்சுக் கம்பெனியின் காலத்தில் சுமார் 22,000 பேர் நோயாலும் விபத்தாலும் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1904ல் அமெரிக்கர்கள் அந்த வேலையை எடுத்தபோது கொசுவை ஒழிப்பதைத் தனி வேலையாகவே செய்தார்கள். மஞ்சள் காய்ச்சலை அங்கிருந்து துரத்தினார்கள், மலேரியாவைப் பெரிதும் குறைத்தார்கள். கால்வாய் 1914ல் திறந்தது. அப்போதும் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள் என்றாலும், சாவைக் குறைக்க முடியும் என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

இன்னொரு உதாரணம் அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலம். 1933 முதல் 1937 வரை கட்டினார்கள். வேலை நடக்கும் இடத்துக்குக் கீழே பெரிய வலை கட்டியிருந்தார்கள். அந்த வலையில் விழுந்து உயிர் பிழைத்தவர்கள் 19 பேர். 1937 பிப்ரவரியில் ஒரு சாரம் அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். ஆனாலும் அந்த 19 பேர் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள் அல்லவா? உயரத்தில் வேலை செய்பவர் ஒரு நாள் தவறுவார் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுதான் பாதுகாப்பு. "பார்த்து வேலை செய்யப்பா" என்று சொல்வது பாதுகாப்பு ஆகாது.

சட்டம் வந்தது, கட்டிடம் விட்டுப்போனது

நம் நாட்டில் வேலையில் அடிபட்டவர்களுக்காக வந்த முதல் பெரிய சட்டம் 1923ன் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம். பெயரிலேயே தெரிகிறது, இது விபத்து நடந்த பிறகு வேலை செய்யும் சட்டம். அதிலும் நஷ்ட ஈடு வாங்க, இன்னாரிடம்தான் வேலை செய்தேன் என்று காட்ட வேண்டும். இன்று அவனியாபுரத்தில் வேலை, நாளை திருப்பரங்குன்றத்தில் வேலை, கூலி கையில், சீட்டு எதுவும் கிடையாது. வீட்டுக்காரர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி, "அவர் எனக்குத் தெரிந்தவர், ஒரு நாள் உதவிக்கு வந்தார்" என்பார். எதை வைத்து நிரூபிப்பது?

சுதந்திரத்துக்குப் பிறகு பாதுகாப்புக்கென்றே சட்டங்கள் வந்தன. தொழிற்சாலைகளுக்கு 1948ல், தேயிலைத் தோட்டங்களுக்கு 1951ல், சுரங்கங்களுக்கு 1952ல். நாடு முழுக்க அணையும் பாலமும் ஆலையும் எழுந்த அதே காலத்தில், அவற்றைக் கட்டியவர்களுக்கென்று ஒரு தனிச் சட்டம் வரவில்லை. ஏன்? ஆலைக்கு ஒரு வாசல் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, இன்ஸ்பெக்டர் வந்து கதவைத் தட்ட ஒரு விலாசம் உண்டு. கட்டிட வேலை நடக்கும் இடம் ஆறு மாதத்தில் மறைந்துவிடும். கட்டிடம் முடியும்போது தொழிலாளியின் விலாசமும் முடிந்துவிடும்!

1982ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றும், கட்டிட வேலை ஆபத்தான வேலை, அதில் 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வைக்கக்கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. கட்டிட வேலை ஆபத்தானது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அந்த ஆபத்தைக் குறைக்கும் சட்டம் வர இன்னும் 14 வருடம் ஆனது.

தமிழ்நாடு காட்டிய வழி

இந்த 14 வருடத்தில் நம் மாநிலத்தின் பங்கு பெரியது. 1979ல் தமிழ் மாநிலக் கட்டிடத் தொழிலாளர் சங்கம் உருவானது. கொத்தனார், சித்தாள், தச்சர், கம்பி கட்டுபவர், பெயின்டர் என்று சிதறிக்கிடந்தவர்களை ஒன்று சேர்த்த சங்கம் அது. அதன் முன்னணியில் நின்றவர்களில் கீதா ராமகிருஷ்ணன் முக்கியமானவர். 1982ல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது.

1985ல் கட்டிடத் தொழிலாளர்களுக்கு மத்தியச் சட்டம் வேண்டும் என்று நாடு தழுவிய பிரச்சாரக் குழு ஒன்று அமைந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அடுத்த வருடமே நாடாளுமன்றத்துக்கு மனு போனது. ஊர்வலம், மறியல், கையெழுத்து இயக்கம் என்று வருடக்கணக்கில் இது நடந்தது. மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 1994ல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் பிறந்தது. 1996ல் மத்திய அரசின் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று வேலை நிலைமை, பாதுகாப்பு பற்றியது. மற்றது அதற்கான நிதி திரட்டும் தீர்வைச் சட்டம்.

நிதி திரட்டும் யோசனை மிகவும் எளிமையானது. முதலாளி யார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கட்டிடம் கட்டுபவர் பிளான் அப்ரூவல் வாங்க வந்துதானே ஆக வேண்டும்? அங்கேயே மதிப்பீட்டில் ஒரு பங்கை வாங்கிவிடலாம். தமிழ்நாட்டில் முதலில் 0.3 சதவீதமாக இருந்தது, பின்னர் 1 சதவீதமானது. அந்தப் பணத்தில் இருந்து விபத்து உதவி, குழந்தைகளின் படிப்பு, திருமணம், பிரசவம், ஓய்வூதியம் எல்லாம் கொடுக்கிறார்கள். வாரிய அட்டை வைத்திருக்கும் குடும்பத்தில் இருந்து கல்லூரிக்கு வந்தவர்கள் நம் வகுப்பிலேயே இருப்பார்கள். 2020ல் கொரோனா ஊரடங்கில் வேலை நின்றபோது, பதிவு செய்த தொழிலாளர்களுக்கு நிவாரணப் பணம் போனது இந்த வாரியம் வழியாகத்தான். இது சாதாரணச் சாதனை இல்லை. விலாசம் இல்லாதவருக்கு ஒரு அட்டையும் ஒரு எண்ணும் வாங்கிக் கொடுத்த போராட்டம் அது.

பணம் ஓடியது, பாதுகாப்பு நின்றுவிட்டது

1996 சட்டத்தைப் படித்துப் பார்த்தால் பணம் தருவதோடு அது நிற்கவில்லை என்பது தெரியும். வேலை இடத்தில் குடிதண்ணீர், கழிப்பறை, முதலுதவி இருக்க வேண்டும். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்கு ஒரு அறை வேண்டும் என்றது அந்தச் சட்டம். 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும் என்றது. சாரம், தோண்டும் வேலை, பளு தூக்கும் கருவி ஒவ்வொன்றுக்கும் 1998ன் மத்திய விதிகளில் விவரம் இருக்கிறது.

ஆனால் தீர்வையை வசூலிக்க ஒரு கவுன்ட்டர் போதும். சாரத்தைப் பார்க்க ஒரு ஆள் நேரில் போக வேண்டும். அரசாங்கத்துக்கு எது சுலபமோ அது நடந்தது.

நாடு முழுவதும் பார்த்தால் பணமும் கூடச் சரியாகப் போய்ச் சேரவில்லை. 2018 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல், செலவானது சுமார் 9,500 கோடி என்று வருகிறது. அந்தச் செலவிலும் லேப்டாப், வாஷிங் மெஷின் எல்லாம் இருந்ததைக் கேட்டு நீதிபதிகளே அதிர்ந்தார்கள். தினமும் இடம் மாறும் தொழிலாளிக்கு வாஷிங் மெஷின்!

இந்த இடைவெளியில் விழுந்த உயிர்கள் எத்தனை? 2014 ஜூன் 28ல் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள். பக்கத்தில் இருந்த அதே போன்ற கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2015 மார்ச்சில் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் கட்டிடம் சரிந்து 5 பேர் இறந்தார்கள்.

நம் மதுரையிலேயே, 2021 ஆகஸ்ட் 28ல் நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் வேலை நடக்கும்போது பாலத்தின் ஒரு பகுதி விழுந்தது. உத்தரப் பிரதேசத்தில் இருந்து வந்த தொழிலாளி ஒருவர் இறந்தார். 7.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 2023ல் திறந்து, இன்று நாம் அதில் சீறிக்கொண்டு போகிறோம். 2025 செப்டம்பர் 30ல் எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 பேர் இறந்தார்கள். வெளி மாநிலத்தவர்கள்.

ஒவ்வொரு முறையும் இழப்பீடு உடனே அறிவிக்கப்படுகிறது. அதை நான் குறை சொல்லவில்லை, அது அவசியம். ஆனால் 1923ல் தொடங்கிய அதே இடத்தில்தானே நிற்கிறோம்?

பேப்பரில் வராத சாவுகள்

மேலே சொன்னவை பெரிய விபத்துகள். எங்கள் பக்கத்துச் சின்ன வீடுகளில் நடப்பது உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடும். சிலது அதிலும் வராது.

புது செப்டிக் டேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் தளம் போட்டு மூடி, சில வாரம் கழித்து, சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவர் சின்ன ஓட்டை வழியாக உள்ளே இறங்குவார். இன்னும் பயன்படுத்தாத தொட்டிதானே, என்ன ஆபத்து என்று நினைப்போம். ஆனால் உள்ளே தேங்கிய தண்ணீரும் ஊறி அழுகும் மரப்பலகையும் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் மயங்குவார். இப்படி இரண்டு மூன்று பேர் ஒரே தொட்டிக்குள் இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் அடிக்கடி வருகின்றன. மூடிகளை எல்லாம் முன்கூட்டியே திறந்து வைத்து, காற்று ஊதி உள்ளே அனுப்பி, இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நின்றால் தவிர்க்கக்கூடிய சாவு இது.

அடுத்தது மின்சாரம். தெருவில் போகும் கம்பிக்கு ஒட்டியே பால்கனியை நீட்டுகிறோம். நீளமான கம்பியை மாடிக்கு ஏற்றும்போது அது மின்கம்பியில் பட்டால் முடிந்தது.

நோய் இன்னும் மெதுவாக வருகிறது. சிமெண்டு கலவையில் ஊறும் கையும் காலும் புண்ணாகும். சிமெண்டில் உள்ள குரோமியம் சிலருக்கு ஆறாத தோல் அலர்ஜியைக் கொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் அந்தக் குரோமியத்துக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டார்கள். டைல்ஸையும் கிரானைட்டையும் மெஷினில் அறுக்கும்போது பறக்கும் வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகிவிடும். அந்த நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும்.

சித்தாள் வேலைக்கு வரும் அக்காமார்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பாதிக் கட்டிய வீட்டில் கழிப்பறை இருக்காது. அதனால் சித்திரை வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கிறார்கள். மதுரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கல் சுமந்தால் உடம்பு என்ன ஆகும்? சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கோளாறும் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

"நம்ம ஆளுக சொன்னா கேக்க மாட்டாங்க"

இதைப் பேசினால் உடனே வரும் பதில் இதுதான். ஹெல்மெட் கொடுத்தாலும் போட மாட்டார்கள், அலட்சியம் என்பார்கள். இதற்குப் பதில் சிங்கப்பூரில் இருக்கிறது.

2004 ஏப்ரல் 20ல் அங்கே நிக்கல் ஹைவே பக்கத்தில் ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து 4 பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது. இரண்டே வருடத்தில், 2006ல், வேலையிடப் பாதுகாப்பு பற்றிப் புதுச் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆபத்தை உண்டாக்குபவர் யாரோ அவரே அதை முன்கூட்டியே குறைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த நாட்டில் கட்டிட வேலை செய்பவர்களில் சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்தில் இருந்து போனவர்கள் ஏராளம். அவர்கள் அங்கே பாதுகாப்பு வகுப்பில் தேர்ச்சி பெற்ற பிறகுதான் சைட்டுக்குள் கால் வைக்கிறார்கள். ஹெல்மெட், பூட்ஸ், உயரத்தில் இடுப்புக் கயிறு எல்லாம் போடுகிறார்கள். அதே ஆள் ஊருக்குத் திரும்பி வந்து இங்கே வெறுங்காலோடு சாரம் ஏறுகிறார். ஆள் மாறவில்லை, இடம்தான் மாறியது. அப்படியென்றால் அலட்சியம் யாருடையது?

சிங்கப்பூரில் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அங்கும் விபத்துகள் நடக்கின்றன. ஆனால் விபத்துக்குப் பிறகு கேட்கும் முதல் கேள்வி மாறியிருக்கிறது.

இப்போது என்ன நிலை?

1996 சட்டம், 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும், சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய் வரை செலவில் கட்டும் வீட்டையும் விட்டுவிட்டது. 2020ல் நிறைவேறி 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த 10 லட்சத்தை 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. 10 பேர் என்ற வரம்பு அப்படியே இருக்கிறது.

இப்போது எங்கள் வில்லாபுரம் தெருவைத் திரும்பப் பாருங்கள். இரண்டு சென்ட் வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்வார்கள்? ஐந்து அல்லது ஆறு. எத்தனை வீடு 50 லட்சத்தைத் தாண்டும்? பெரும்பாலான வீடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கும். அங்கே வேலை செய்பவர் வாரியத்தில் பதிவு செய்யலாம், விழுந்தால் உதவி கேட்கலாம். விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை.

பெரியாறு அணைக் காலத்தில் சாவின் காரணம் தெரியாது. இன்று ஒவ்வொரு காரணமும் தெரியும், தடுக்கும் வழியும் தெரியும், பலவற்றுக்குச் செலவும் சில நூறு ரூபாய்தான். இதுதான் அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் உள்ள வித்தியாசம். அதனால்தான் நம் மேல் பழி அதிகம்.

என்ன செய்யலாம்? என் மனதில் படுவது இவ்வளவுதான்:

1. பிளான் அப்ரூவலுக்குப் பணம் வாங்கும் அதே கவுன்ட்டரில், சாரம், மின்கம்பி, செப்டிக் டேங்க் பற்றி ஒரு பக்க நிபந்தனைத் தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம்.

2. தீர்வைப் பணத்தில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கி, வார்டுக்கு வார்டு ஹெல்மெட், இடுப்புப் பட்டை, காற்று ஊதும் மெஷின் வாடகை இல்லாமல் கொடுக்கலாம்.

3. வீடு கட்டுபவர்கள், முதல் நாள் பூஜைக்கு முன்பே ஒரு தற்காலிகக் கழிப்பறையும் குடிதண்ணீரும் ஏற்பாடு செய்யலாம். வாட்ச்மேனுக்கு எப்படியும் அது வேண்டும்.

4. சிவில் படிக்கும் நண்பர்களே, நீங்கள் நாளை சைட் என்ஜினியர் ஆவீர்கள். கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க கியூப் எடுப்பது போல, காலையில் ஒரு முறை சாரத்தின் கட்டுகளையும் இழுத்துப் பாருங்கள்.

சங்கம் வைத்துப் போராடியவர்கள் விழுந்தவரின் குடும்பம் தெருவுக்கு வராமல் இருக்க வழி செய்தார்கள். அது அந்தத் தலைமுறையின் வேலை. விழாமல் தடுக்கும் மீதி வேலை நம் தலைமுறைக்கு இருக்கிறது.